அட்டையில் ஒரு விலை, பில்லில் ஒரு விலை

மதுரையில் எங்கள் வீட்டு அடுப்படியில் சமைத்து, பதினான்கு பேருக்கு மதியச் சாப்பாடு கட்டிக் கொடுக்கும் தொழிலை ஏழு ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். செலவெல்லாம் போக ஒரு சாப்பாட்டில் எனக்கு நிற்பது பத்து ரூபாய்தான். மாத மளிகையில் நூற்றைம்பது ரூபாய் கவனக்குறைவாகப் போனால், அது ஒரு நாள் முழுவதும் நான் அடுப்புக்கு முன்னால் நின்ற கூலி. சூப்பர் மார்க்கெட்டின் விலை அட்டைகளையும் பில்லையும் நான் ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கியது இந்தக் கணக்கினால்தானே தவிர, சண்டை போடும் ஆசையால் அன்று.

முதலில் கண் திறந்தது நல்லெண்ணெயில். 2023ஆம் ஆண்டில் ஒரு திங்கட்கிழமை, நான் வழக்கமாகப் போகும் கடையில், ஒரு லிட்டர் பாக்கெட்டுக்குக் கீழே மஞ்சள் அட்டையில் “எம்.ஆர்.பி. 410, எங்கள் விலை 349” என்று போட்டிருந்தது. மூன்று பாக்கெட் எடுத்தேன். பில் கவுன்டரில் ஒரு பாக்கெட் 398 என்று விழுந்தது. மூன்றுக்கும் சேர்த்து 147 ரூபாய் கூடுதல். கேட்டதற்கு, பில் போட்ட பெண் திரையைப் பார்த்தபடியே, “சிஸ்டத்துல இதுதான்க்கா வருது” என்றாள். சூப்பர்வைசர் வந்தார், என்னை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு ரேக் பக்கம் போனார், இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்து, “அங்கே அப்படி அட்டை எதுவும் இல்லையே மேடம்” என்றார். எனக்கே ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது. வரிசையில் எனக்குப் பின்னால் இருந்தவர்கள் பெருமூச்சு விட்டாலும் பரவாயில்லை என்று ட்ராலியை விட்டுவிட்டு நானே போய்ப் பார்த்தேன். அட்டை இல்லைதான். ஆனால் அதைச் செருகும் பிளாஸ்டிக் பட்டையின் இடுக்கில் மஞ்சள் காகிதத்தின் ஒரு முனை கிழிந்து மாட்டிக்கொண்டிருந்தது, நகத்தளவு. அதை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது. அன்று 398 கொடுத்துத்தான் வாங்கி வந்தேன், ஏனென்றால் மறுநாள் புளியோதரைக்கு எண்ணெய் வேண்டும்.

அன்று முதல் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். ஆஃபர் அட்டையைப் பார்த்துப் பொருள் எடுத்தால், அட்டையும் அதற்கு மேலே இருக்கும் பொருளும் ஒரே படத்தில் விழும்படி கைப்பேசியில் ஒரு படம் எடுத்துவிட வேண்டும். அட்டையை மட்டும் எடுத்தால், “அது பக்கத்துப் பொருளுக்கு உள்ளது” என்று சொல்லிவிடுவார்கள். பல சமயம் அது உண்மையாகவும் இருக்கும்.

என் அண்ணன் மகன் ஒன்றரை ஆண்டு வேறொரு சூப்பர் மார்க்கெட்டில் ரேக் அடுக்கும் வேலை பார்த்தவன். நல்லெண்ணெய்க் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு அவன் சொன்ன விளக்கம்தான் எனக்கு இன்று வரை பயன்படுகிறது. “கம்ப்யூட்டருக்கு ராத்திரியே விலை மாறிடும் அத்தை. அட்டைக்குக் கால் கிடையாது, நாங்கதான் போய் எடுக்கணும்.” கடையில் விலை இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, தலைமை அலுவலகத்தில் ஒருவர் கணினியில் பதிவது. அது பார்கோடோடு இணைந்திருக்கும், ஆஃபர் முடியும் தேதி வந்ததும் தானாகவே பழைய விலைக்குத் திரும்பிவிடும். மற்றொன்று, ரேக்கில் செருகிய காகிதம். அதைக் காலையில் கடை திறப்பதற்குள் இரண்டு பையன்கள் பல நூறு பொருள்களுக்கு மாற்ற வேண்டும், அதே நேரத்தில் சரக்கு வண்டியையும் இறக்க வேண்டும். இந்த இரண்டு விலைகளையும் ஒரே சமயத்தில் பார்க்கிற ஒரே ஆள் வாடிக்கையாளர்தான். பில் போடும் பெண் கணினி விலையை மட்டும் பார்க்கிறாள், ரேக் பையன் அட்டையை மட்டும் பார்க்கிறான்.

இதிலிருந்து ஒன்று தெளிவாயிற்று. வார இறுதி ஆஃபர் முடிந்த திங்கட்கிழமைக் காலையும், மாதத்தின் முதல் தேதியும், பண்டிகைக்கு மறுநாளும்தான் தவறு மிகுதியாக நடக்கும் நாள்கள். அந்த நாள்களில் போகாமல் இருக்க முடிந்தால் நல்லது. போக நேர்ந்தால், அட்டையின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் ஆஃபர் தேதியைப் படிக்க வேண்டும். தேதி முடிந்துபோன அட்டையைக் காட்டிக் கடைக்காரரோடு வாதாடுவது கடினம், அதை எடுக்காமல் விட்டது அவருடைய தவறே ஆனாலும்.

எல்லாத் தவறும் கடைக்காரரின் வஞ்சகம் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் இதையும் சொல்லியாக வேண்டும். நான் மளிகை பில்களைக் கம்பியில் குத்தி வைத்து, மாதக் கடைசியில் ஒரு நோட்டில் எழுதுகிறவள். ஓர் ஆண்டில் நான் கண்டுபிடித்த பதினான்கு தவறுகளில் பதினொன்று எனக்கு எதிரானவை. தெரியாமல் நடக்கும் தவறு இரு பக்கமும் ஏறக்குறைய சமமாகத்தானே விழ வேண்டும்? அப்படி விழாததற்கு, ஆஃபர் முடிந்து விலை ஏறும்போது அட்டை பின்தங்குவது ஒரு காரணம் என்று ஒப்புக்கொள்கிறேன். தங்களுக்கு நட்டமான தவறைக் கடைக்காரர்கள் விரைவில் கண்டுபிடித்துவிடுவதும், நமக்கு நட்டமானதைத் தேட அவர்களுக்கு அவசரம் இல்லாததும் இன்னொரு காரணம்.

ஒரே பார்கோடுக்கு இரண்டு எம்.ஆர்.பி. இருப்பது அடுத்த தொல்லை. நம் நாட்டு நிறுவனங்களின் பார்கோடு பெரும்பாலும் 890 என்ற எண்ணில் தொடங்கும். நிறுவனம் விலையை ஏற்றினாலும் இறக்கினாலும் பல சமயம் அந்த எண் மாறுவதில்லை. ஆகவே பழைய விலைச் சரக்கும் புது விலைச் சரக்கும் ஒன்றாகக் கிடக்கும்போது, பொருளை ஸ்கேன் செய்ததும் திரையில் இரண்டு எம்.ஆர்.பி. வரிசையாகத் தோன்றும். பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்துச் சரியானதைத் தேர்ந்தெடுப்பது பில் போடுகிறவரின் வேலை. மாலை ஏழு மணிக்கு வரிசை நீண்டிருக்கும்போது யார் திருப்பிப் பார்ப்பார்கள்? மேலே இருப்பதைத் தட்டிவிடுவார்கள். 96 ரூபாய் அச்சிட்ட சேமியா பாக்கெட்டுக்கு 104 என்று எனக்குப் பில் வந்தது இப்படித்தான். இதில் பேரம் பேச இடமே இல்லை. 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள்கள் விதிகளின்படி, பாக்கெட்டில் அச்சிட்ட எம்.ஆர்.பி.க்கு மேல் எந்த வியாபாரியும் விற்கக் கூடாது. எல்லா வரியும் அதற்குள்ளேயே அடக்கம். 1990ஆம் ஆண்டில் எம்.ஆர்.பி. முறையைக் கொண்டு வந்ததே, “உள்ளூர் வரி தனி” என்று சொல்லி ஆளுக்கொரு விலை வாங்குவதை நிறுத்தத்தான். பேருந்து நிலையக் கடையில் குளிர்பானத்துக்கு “கூலிங் சார்ஜ்” என்று இரண்டு ரூபாய் சேர்த்து வாங்குவதும் இதே விதிமீறல்தான். நாம் பழகிவிட்டோம், அவ்வளவே.

ஆனால் எம்.ஆர்.பி.க்குள்ளேயே நடக்கும் ஏமாற்றம்தான் நான் அதிகம் கண்டது. அதற்குச் சமையல் எண்ணெயை விட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. பொட்டலப் பொருள்களை இன்ன இன்ன அளவுகளில்தான் அடைக்க வேண்டும் என்று முன்பு ஒரு பட்டியல் இருந்தது. 2021 நவம்பரில் வந்த விதித் திருத்தம் அந்தப் பட்டியலை நீக்கிவிட்டு, அதற்குப் பதிலாக ஒரு கிராமுக்கோ கிலோவுக்கோ என்ன விலை என்பதைப் பாக்கெட்டில் அச்சிடச் சொன்னது. ஒரு லிட்டர் சூரியகாந்தி எண்ணெயின் எடை ஏறக்குறைய 910 கிராம். இப்போது ரேக்கில் 910 கிராம் பாக்கெட்டுக்குப் பக்கத்திலேயே அதே உயரம், அதே அகலத்தில் 850 கிராம், 800 கிராம் பாக்கெட்டுகளும் நிற்கின்றன. நான் ஒருநாள் எடுத்த படத்தில், ஒரு லிட்டர் பாக்கெட்டின் அட்டை 146, பக்கத்தில் இருந்த 800 கிராம் பாக்கெட்டின் அட்டை 132. பதினான்கு ரூபாய் மிச்சம் என்று கை தானாக இரண்டாவதை எடுக்கும். கிலோவுக்குக் கணக்குப் போட்டால் முதலாவது 160 ரூபாய் 44 காசு, இரண்டாவது 165 ரூபாய். குறைந்த விலை என்று நினைத்து எடுப்பதுதான் கூடுதல் விலை. அட்டையில் இரண்டுக்குமே “சன்ஃபிளவர் ஆயில் பௌச்” என்று மட்டும் இருந்தது, எடையைக் காணோம்.

பாக்கெட்டில் அச்சிட்ட கிராம் விலையைப் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நம்பினேன். ஆனால் அது எம்.ஆர்.பி.யை வைத்துக் கணக்கிட்ட விலை. கடை ஒரு பாக்கெட்டுக்கு ஐம்பது ரூபாய் தள்ளி, மற்றொன்றுக்கு இருபது ரூபாய் தள்ளினால், அந்த அச்சுக் கணக்கு உதவாது. அதோடு, ஒரு கிலோவுக்குக் குறைந்த பொருளுக்குக் கிராம் கணக்கில் 0.16, 0.17 என்று போடுவதால், கிலோவுக்குப் பத்து ரூபாய் வேறுபாடு கடைசி இலக்கத்தில் ஒற்றை எண்ணாகச் சுருங்கிவிடுகிறது. அட்டை விலையை எடையால் வகுத்து ஆயிரத்தால் பெருக்குவது ஒன்றுதான் வழி. கைப்பேசியில் பத்து விநாடி வேலை. துவரம் பருப்பில் இப்படிப் போட்டுப் பார்த்தபோது, ஒரு கிலோ பாக்கெட் 172, அரைக்கிலோ பாக்கெட் 84. இரண்டு அரைக்கிலோ வாங்கினால் நான்கு ரூபாய் மிச்சம். பெரிய பாக்கெட்தான் மலிவு என்ற நம் தாய்மார்களின் கணக்கு சூப்பர் மார்க்கெட்டில் எப்போதும் செல்லுபடியாவதில்லை.

ஆஃபர் அட்டைகளின் மொழியைப் பற்றி நீட்டி முழக்க விரும்பவில்லை. “50 சதவீதம் வரை” என்பதில் “வரை” எப்போதும் சிறிய எழுத்தில்தான் இருக்கும். “சர்க்கரை கிலோ 29” என்பதற்குக் கீழே, 1499 ரூபாய்க்கு மேல் வாங்கினால், ஒரு பில்லுக்கு ஒரு கிலோ என்று இருக்கும். “இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்” என்பதில் மூன்றும் ஒரே பார்கோடாக இருந்தால்தான் கணினி ஏற்கும். எலுமிச்சை மணம் இரண்டும் மல்லிகை மணம் ஒன்றுமாகப் பாத்திர சோப்பு எடுத்து, மூன்றுக்கும் பணம் கொடுத்துவிட்டு வந்த நாளும் எனக்கு உண்டு. பில்லின் அடியில் தடித்த எழுத்தில் வரும் “இன்று நீங்கள் சேமித்தது ரூ. 612” என்ற வரியை நான் இப்போது படிப்பதே இல்லை. அது எம்.ஆர்.பி.யிலிருந்து கழித்துச் சொல்லும் கணக்கு. அட்டை விலைக்கும் பில் விலைக்கும் உள்ள வேறுபாடு அதற்குத் தெரியாது. சேமித்தேன் என்ற மகிழ்ச்சியில் மேலே உள்ள வரிகளைச் சரிபார்க்காமல் பில்லை மடித்து வைக்கத்தான் அது பயன்படுகிறது என்பது என் அபிப்பிராயம்.

காய்கறிப் பிரிவின் தவறு வேறு வகை. அங்கே தராசில் இருப்பவர் ஒவ்வொரு காய்க்கும் ஓர் எண்ணைத் தட்டுகிறார், தராசு ஸ்டிக்கர் அச்சிடுகிறது, பில் கவுன்டரில் அந்த ஸ்டிக்கரை மட்டும் ஸ்கேன் செய்கிறார்கள். எண் தவறினால் எல்லாம் தவறும். மூன்று கிலோ பெரிய வெங்காயத்துக்குச் சின்ன வெங்காயத்தின் எண்ணைத் தட்டியதால், 96 ரூபாய் கொடுக்க வேண்டிய இடத்தில் 204 ரூபாய் ஸ்டிக்கர் எனக்கு ஒருமுறை வந்தது. பையை முடிச்சுப் போடுவதற்கு முன், தராசின் பக்கத்திலேயே நின்று, ஸ்டிக்கரில் காயின் பெயர், கிலோ விலை, எடை மூன்றையும் படித்துவிட வேண்டும். பில் கவுன்டரில் கண்டுபிடித்தால் மறுபடியும் நடந்து வர வேண்டியிருக்கும், தராசில் இருந்தவர் டீ குடிக்கப் போயிருப்பார். பையை வைப்பதற்கு முன் தராசு பூஜ்யம் காட்டுகிறதா என்பதையும், ஆண்டுக்கு ஒருமுறை அடிக்க வேண்டிய அரசு முத்திரை அதில் இருக்கிறதா என்பதையும் பார்ப்பது நல்லது.

2025ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் தேதி ஜி.எஸ்.டி. வரி குறைந்ததற்குப் பின் வந்த வாரங்களில் நான் பட்ட பாடு தனி. நெய், வெண்ணெய்க்கு 12 சதவீதமாக இருந்த வரி 5 ஆனது. சோப்பு, பற்பசை, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய்க்கு 18 இருந்தது 5 ஆனது. பழைய எம்.ஆர்.பி. அச்சிட்ட சரக்கு கடை நிறைய இருந்ததால், நிறுவனங்கள் பழைய விலையை மறைக்காமல் புது விலையை ஸ்டிக்கராக ஒட்டிக்கொள்ளலாம் என்று அரசு அனுமதித்தது. பின்னர் அதுவும் கட்டாயமில்லை என்றாகிவிட்டது. ஆகவே ரேக்கில் பழைய எம்.ஆர்.பி., பழைய அட்டை, கணினியில் எந்த விலை என்பது கடவுளுக்கே வெளிச்சம் என்ற நிலை.

அக்டோபர் முதல் வாரத்தில் நெய் வாங்கினேன். பாக்கெட்டில் எம்.ஆர்.பி. 700, அட்டையில் “சிறப்பு விலை 665”, பில்லிலும் 665. அட்டையும் பில்லும் பொருந்துகின்றன, குறை சொல்ல ஒன்றுமில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். வீட்டுக்கு வந்து பில்லின் அடியில் இருக்கும் வரிப் பட்டியலைப் பார்த்தபோதுதான் உறைத்தது. மத்திய வரி இரண்டரை, மாநில வரி இரண்டரை, ஆக 5 சதவீதம் என்று போட்டிருந்தார்கள். ஆகஸ்டு மாதப் பில்லைக் கம்பியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். அன்றும் 665தான், ஆனால் வரி 12. அதாவது ஆகஸ்டில் வரி போக நெய்யின் விலை 593 ரூபாய் 75 காசு, அக்டோபரில் 633 ரூபாய் 33 காசு. அரசு விட்டுக்கொடுத்த வரி முழுவதும் நெய்யின் விலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. 700 ரூபாய் எம்.ஆர்.பி.யையே புது வரிக்கு மாற்றினால் 656 ரூபாய் 25 காசுதான் வரும். அவர்களுடைய சிறப்பு விலை அதற்கும் மேலே.

இந்தக் கணக்கு கடினமானது அன்று. 12 சதவீதம் இருந்த பொருளுக்குப் பழைய விலையை 112ஆல் வகுத்து 105ஆல் பெருக்க வேண்டும், 18 சதவீதம் இருந்ததற்கு 118ஆல் வகுத்து 105ஆல் பெருக்க வேண்டும். இரண்டு பில்களையும் எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போனேன். நிறுவனத்திலிருந்து புது விலைப் பட்டியல் வரவில்லை என்றார். புது வரி மட்டும் உங்கள் கணினிக்கு எப்படி வந்தது என்று கேட்டேன். அவரிடம் பதில் இல்லை, கோபமும் இல்லை. “மேலே சொல்கிறேன் அம்மா” என்றார். ஒரு வாரம் காத்திருந்துவிட்டு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் அழைத்துப் புகார் பதிந்தேன். இத்தகைய ஜி.எஸ்.டி. புகார்களுக்கு அங்கே அப்போது தனிப் பிரிவே வைத்திருந்தார்கள். தமிழிலேயே பேச முடிந்தது. கடையின் பெயர், கிளை, பில் எண், தேதி, தொகை என்று வரிசையாகக் கேட்டார்கள். நான் பில்லைக் கையில் வைத்திருந்ததால் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. புகார் எண் குறுஞ்செய்தியாக வந்தது. நான் மேனேஜரைப் பார்த்ததிலிருந்து மூன்றாவது வாரம் அட்டை 624 ஆனது, நான் வாங்கியிருந்த இரண்டு பாக்கெட்டுக்கான வேறுபாட்டை அடுத்த பில்லில் கழித்துக் கொடுத்தார்கள். மொத்தம் 82 ரூபாய். இதற்கா இத்தனை பாடு என்று என் வீட்டுக்காரர் கேட்டார். எட்டுச் சாப்பாட்டின் லாபம் என்றேன்.

கடையில் எப்படிப் பேசுவது என்பதை நான் பல முறை தவறு செய்துதான் கற்றேன். பில் போடும் பெண்ணிடம் வாதாடுவதில் பயன் இல்லை. ஒரு வரியை நீக்கும் அதிகாரம் அவளிடம் இல்லை, சூப்பர்வைசர் வந்து தன் குறியெண்ணைத் தட்டினால்தான் நீங்கும். ஆகவே, “இந்தப் பொருளைக் கொஞ்சம் தனியாக வையுங்கள், மற்றதைப் போடுங்கள், சூப்பர்வைசரைக் கூப்பிடுங்கள்” என்று சொல்லிவிட்டால் வரிசை நிற்காது, அவளுக்கும் சங்கடம் இல்லை. பணம் கட்டுவதற்கு முன் இதைச் செய்வது முக்கியம். கட்டிய பின் திருப்பிக் கேட்டால், பணமாகத் தராமல் அடுத்த முறை கழித்துக்கொள்ளும் சீட்டாகத் தருவார்கள், அதற்கும் ஒரு கடைசித் தேதி இருக்கும். ஆஃபர் பொருள்களை ட்ராலியில் ஒரு பக்கமாக வைத்து, அவற்றை முதலில் போடச் சொல்லி, நம் பக்கம் திரும்பியிருக்கும் சிறிய திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தால், பில் முழுவதையும் படிக்க வேண்டிய அவசியமே வராது. பார்க்க வேண்டியவை ஆறோ ஏழோதான். அந்தத் திரையைப் பல கடைகளில் மிட்டாய் டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருப்பார்கள். நான் டப்பாவை நகர்த்திவிடுவேன்.

வெப்பத்தில் அச்சாகும் பில் காகிதம் சில மாதங்களில் வெளுத்துவிடும். என் கம்பியில் குத்திய பில்களில் பாதி இப்போது வெறும் வெள்ளைத் தாள்கள். அடுப்படியின் சூட்டில் இன்னும் சீக்கிரம் வெளுக்கின்றன. புகார் செய்ய நினைக்கும் பில்லை அன்றே படம் எடுக்க வேண்டும், அல்லது நகல் எடுக்க வேண்டும்.

எங்கே எதைக் கேட்பது என்பதில் பலருக்குக் குழப்பம் உண்டு. எம்.ஆர்.பி.க்கு மேல் விற்றாலும், எடை குறைந்தாலும், பாக்கெட்டில் இருக்க வேண்டிய விவரம் இல்லாவிட்டாலும், தமிழ்நாட்டில் அதைக் கவனிப்பது தொழிலாளர் துறை. எடையளவுச் சட்டத்தின் அமலாக்கம் அவர்களிடம்தான் இருக்கிறது. அட்டை விலைக்கு மாறாகப் பில் போட்டது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும். பொருளின் மீது காட்டிய விலைக்கு அதிகமாக வாங்குவது, இரு தரப்பும் ஒப்புக்கொண்ட விலைக்கு அதிகமாக வாங்குவது ஆகியவற்றை அந்தச் சட்டம் புகாருக்கான காரணங்களாக வரிசைப்படுத்துகிறது. விலை பற்றி மக்களைத் தவறாக எண்ண வைப்பதும், பில் தர மறுப்பதும் அதில் முறையற்ற வணிக நடவடிக்கைகள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். சமைத்து விற்பவளை நுகர்வோர் என்று ஏற்பார்களா என்று எனக்கு ஒரு பயம் இருந்தது. வணிக நோக்கத்துக்கு வாங்குகிறவர்களைச் சட்டம் விலக்குகிறது. ஆனால் சுயதொழில் செய்து தம் பிழைப்புக்காக மட்டுமே பயன்படுத்துகிறவர்களை அந்த விலக்கில் சேர்க்கவில்லை என்று விளக்கமும் தருகிறது. எனக்கு அது போதும்.

ஆணையம் வரை நான் போனதில்லை. போனவர்கள் உண்டு. 2019இல் சண்டிகரில் காலணி வாங்கிய ஒருவர், தன் அனுமதி இல்லாமல் பில்லில் சேர்த்த மூன்று ரூபாய்க் காகிதப் பைக்காக நுகர்வோர் மன்றத்துக்குப் போய், அந்தக் கடைக்கு 9,000 ரூபாய் அளவுக்குச் செலவு வைத்தார். மெல்பர்னில் இருக்கும் என் சித்தி மகள் சொல்கிறாள், அங்கே பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் தாமாக ஏற்றுக்கொண்ட ஒரு நெறிமுறை இருக்கிறதாம். ரேக்கில் போட்ட விலையை விடப் பில் கூடினால், அந்தப் பொருளில் முதலாவது இலவசம், மற்றவை குறைந்த விலைக்கு. கேட்டபோது பொறாமையாக இருந்தது. இங்கே வேறுபாட்டைத் திருப்பித் தந்தாலே நன்றி சொல்லிவிட்டு வருகிறோம், தவறின் செலவு அவர்களுக்கு ஒன்றுமில்லை.

நோட்டில் எழுதிய பதினான்கில் எனக்குச் சாதகமாக விழுந்த மூன்றில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அரைக்கிலோ காப்பித்தூள், அட்டையில் 385, பில்லில் 285. மூன்றை இரண்டாகத் தட்டிவிட்டார்கள். அட்டை விலையைத்தான் கொடுப்பேன் என்று ஆண்டுக்கணக்காக அந்தக் கடையில் சொல்லி வந்தவள் நான். ஆகவே சூப்பர்வைசரைக் கூப்பிட்டுச் சொன்னேன். நல்லெண்ணெய் அட்டையை இல்லை என்று சொன்ன அதே மனிதர். அவர் மேனேஜரிடம் ஓடினார், மேனேஜர் தலைமை அலுவலகத்துக்கு ஃபோன் போட்டார், இருவரும் மாறி மாறி நன்றி சொன்னார்கள். நான் 385 கொடுத்துவிட்டு, வாசலில் டோக்கனைக் கொடுத்து என் கட்டைப்பையை வாங்கிக்கொண்டிருந்தபோது, அடுத்த கவுன்டரில் இன்னொருவரின் காப்பித்தூள் 385 என்று விழுவதைப் பார்த்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. நெய் அட்டை மாறுவதற்கு மூன்று வாரம்.